‘சான்’ இல்லாமல் கிரீனிச்சுக்கு ஒரு பயணம்

ஜப்பானிய விருந்தினருக்கு லண்டனைச் சுற்றிக்காட்டப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் போனது 1992 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அப்போது அக்டனில் ஒரு சிறிய ஜப்பானியக் கொம்பனியின் களஞ்சியத்தில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. அது அடுத்த திங்களோடு முடிய இருந்தது. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது முகாமையாளர் மொரிதாவின் கையில் இருந்தது. வீட்டில் மனைவி வசந்திக்கு ஏழு மாதம்.

அந்தக் கந்தோரில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் மரியாதைக்கு ஒரு ‘சான்’ ஒட்டுவார்கள். அவர் மொரிதா-சான், நான் செல்வா-சான். செல்வராசாவை அவர்கள் சுருக்கியதே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பட்டம் வைப்பவன் நல்ல எண்ணத்தோடு வைப்பதில்லை.

“கேட்டுத்தானே சுருக்கினவை, பேந்தென்ன?” என்றாள் வசந்தி. கேட்டதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

காலை 7.20க்கு செவன் கிங்ஸில் ரயில் ஏறி, ஸ்ட்ராட்போர்டில் சென்ட்ரல் லைனுக்கு மாறி, 8.35க்கு வெஸ்ட் அக்டனில் இறங்கினேன். நாள் முழுவதற்குமான சீட்டு இரண்டு பவுண் எழுபது. அன்று கார் ஓட்டும் பொறுப்பு என்னுடையது. கொம்பனிக் காரில் மொரிதாவை ஏற்றிக்கொண்டு மார்பிள் ஆர்ச் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். ஆறு மைல், முப்பத்தைந்து நிமிடம். ஒசாக்காவிலிருந்து வந்த பெரிய வாடிக்கையாளர் இஷிகாவா வாசலில் நின்றார்.

மொரிதா குனிந்து வணங்கிவிட்டு, என்னைக் காட்டி, “இது செல்வா” என்றார். சான் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, “செல்வா காரைக் கொண்டுவருவார்” என்றார். விருந்தினருக்கு மட்டும் சானைவிடப் பெரிய ‘சாமா’. வெள்ளிக்கிழமை மாலை வரை இருந்த மரியாதை ஒரே இரவில் எங்கே போனது? திங்களோடு போகிறவனுக்கு மரியாதை எதற்கு என்று முடிவு செய்துவிட்டார் போலும்.

பார்க் லேன், வொக்ஸோல் பாலம், நியூ குரொஸ் வழியாக எட்டு மைல். சனிக்கிழமை நெரிசலில் ஐம்பத்தைந்து நிமிடம் பிடித்தது. வழி முழுக்கக் கண்ணாடியில் இருவரையும் நோட்டம் விட்டபடியே ஓட்டினேன். அவர்கள் பேச்சில் செல்வா, செல்வா என்று மொட்டையாகவே விழுந்தது.

கிரீனிச் பூங்காவின் மேட்டில் காரை நிறுத்தினோம். அங்குள்ள வானாய்வகத்துக்கு நுழைவு ஆளுக்கு மூன்றரைப் பவுண் என்று ஞாபகம். மொரிதா சீட்டு எடுக்கப் போனார். “மொரிதா-சான் எங்கே?” என்று இஷிகாவா கேட்டார்.

போகிற வேலைதானே, இனி என்ன பயம்? “மொரிதா சீட்டு எடுக்கிறார். மொரிதா இப்போது வருவார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேண்டுமென்றே இரண்டு முறை மொட்டையாகச் சொன்னேன். இஷிகாவாவின் புருவம் உயர்ந்தது. பிறகு எனக்கு லேசாகத் தலை குனிந்தார். அப்போதுதான் வசந்தியின் ஞாபகம் வந்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

திரும்பும் வழியில் பின்சீட்டில் என் பெயரும் மொரிதாவின் பெயரும் மாறி மாறி அடிபட்டன. ஒருமுறை சிரித்தும் கொண்டார்கள். இஷிகாவா கோள் மூட்டிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். 4.15க்கு விருந்தினரை இறக்கிவிட்டோம்.

கார் நகர்ந்ததும் மொரிதா, “செல்வா-சான்” என்றார். சான் திரும்பி வந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. “வெளியாளிடம் பேசும்போது நம் ஆளுக்குச் சான் போடக்கூடாது என்று உங்களுக்கு யார் சொல்லித்தந்தது? ஆறு வருடமாக இங்கே ஒருவருக்கும் அது வரவில்லை. இஷிகாவா-சாமா பாராட்டினார்.”

“அப்போ காலையில் நீங்கள் என்னை...”

“நீங்கள் எங்கள் ஆள் அல்லவா?”

நான் கூனிக் குறுகிப் போனேன். “பார்த்துப் பழகினேன்” என்று பொய் சொன்னேன்.

வீட்டில் கதையைக் கேட்டு வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உங்கட கோவத்தை அவை மரியாதையெண்டு எடுத்திட்டினம். வாயைத் திறந்து கெடுத்துப்போடாதேங்கோ.” நான் திறக்கவில்லை. திங்கட்கிழமை நிரந்தர வேலைக் கடிதம் கைக்கு வந்தது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சனிக்கிழமை நியூ குரொஸ் பக்கம் போவதென்றால் அரைமணி முன்னதாகப் புறப்படுங்கள். அவர்கள் பெயரை அவர்களே சுருக்கித் தந்தாலொழிய நீங்கள் சுருக்க வேண்டாம். உங்கள் பெயருக்கு நீங்களே சான் போட்டுக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் உங்கள் முதலாளிக்குச் சான் வேண்டாம். வாடிக்கையாளர் அந்தப் பக்கம் போனதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

1997இல் மொரிதா நாடு திரும்பியபோது ஹீத்ரோவுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கைகொடுத்துவிட்டு, “செல்வா-சான், கிரீனிச் போன அன்று உங்களுக்கு என்மேல் கோபம்தானே?” என்று கேட்டார்.

“ஓம்” என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது. “தெரியும். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போதும் தெரியும்” என்று சிரித்தார்.

ஆகவே கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: கண்ணாடியில் நீங்கள் பின்சீட்டை நோட்டம் விடும்போது, பின்சீட்டில் இருப்பவருக்கும் உங்கள் முகம் தெரியும்.