மூன்று விமானம் ஏறி வீட்டுக்கு வந்தவர்

என் அக்காள் ஆர்லீனின் கணவர் எல்டன் கோவாரிக் கெட்டவர் அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத எனக்கு ஆத்திரம் வரும், அப்போது இதைச் சொல்ல மனம் வராது.

வயலின் நடுவே நின்று கடிகார முள் மாதிரி சுற்றித் தண்ணீர் தெளிக்கும் பாசன இயந்திரங்களை விற்பதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. ஒமாஹாவில் விமானம் ஏறினால் அரிசோனா, ஜார்ஜியா, டெக்சஸ் என்று வாரம் முழுக்கச் சுற்றுவார். வெள்ளிக்கிழமை அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வருவார். குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. விமானக் கம்பெனி கொடுக்கும் அட்டை ஒன்றுதான் அவருக்குப் பைத்தியம்.

வருடத்தில் எத்தனை தடவை ஏறி இறங்கினீர்கள் என்று கம்பெனி எண்ணிக்கொண்டே வரும். அதற்கேற்ப வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அட்டை. டிசம்பர் முடிந்தால் எல்லாம் அழிந்து மறுபடி பூஜ்யம். அதனால் டிசம்பர் வந்தாலே இந்த ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காது. எல்டன் ஒரு சனிக்கிழமை காலையில் டென்வருக்குப் பறந்து, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே மதியம் திரும்பிவிட்டார்.

"டென்வர்ல என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"கக்கூஸ். சும்மா சொல்லக் கூடாது நெல்டா, பளபளன்னு வச்சிருக்கான்" என்றார்.

ஆர்லீன் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவளுக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. படுக்கையறை மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீண்ட குழாய் அவள் மூக்கு வரை வரும். அவள் சமையலறைக்குப் போனால் குழாயும் பின்னால் போகும். அந்தக் குழாயை மிதிக்காமல் நடக்க நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். அந்த உறுமல் எனக்கு எப்போதுமே பிடிக்காது. நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பைத்தான் அது கிளப்பும்.

அந்த வருடம் எல்டன் பிளாட்டினத்துக்கு அலைந்ததும் அவளுக்காகத்தான். ஆர்லீன் கடலைப் பார்த்ததே இல்லை. நெப்ராஸ்காவில் பிறந்து சோளத்தைத்தான் பார்த்தாள். பின் வரிசை நெருக்கடியில் ஆக்சிஜன் பெட்டியோடு அவளால் உட்கார முடியாது. முன் வரிசை டிக்கெட் வாங்க வசதியில்லை. பிளாட்டினம் இருந்தால் உடன் வருகிறவருக்கும் முன் வரிசை இலவசம். வசந்தத்தில் சான் டியகோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் சின்னமன் ரோலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஃபீனிக்ஸில் ஒரு பண்ணையில் இயந்திரம் நின்றுவிட்டதென்று மறுநாளே அவர் கிளம்ப வேண்டியிருந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விமானக் கம்பெனிக்காரியோடு போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வர அவர் ஆபீஸில் நேர் விமானம்தான் போட்டிருந்தார்கள். அதை உடைத்து, ஃபீனிக்ஸிலிருந்து டல்லஸ், அங்கிருந்து சிகாகோ, அங்கிருந்து ஒமாஹா என்று மாற்றிக்கொண்டார். ஒன்று மூன்றானது. மூன்றும் ஏறினால் பிளாட்டினம்.

"வீட்டுக்கு வர்றதுக்கு நாட்டையே சுத்தி வர்ற ஒரே ஆம்பள நீதான்யா" என்றாள் ஆர்லீன்.

"பொறு ஆர்லீ. முன் வரிசைல உக்காந்து, துணி நாப்கின்ல வாயத் தொடைக்கிறப்போ என்னைய நெனச்சுக்குவே."

"தொடச்சிட்டா போச்சு. மொதல்ல வீடு வந்து சேரு."

கைகழுவப் போன நான் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தேன். பனி மழை பெய்து கரண்ட் போனால் அங்கே இருக்கும் ஜெனரேட்டர்தான் கதி. அது எல்டனின் அப்பா காலத்தது. எல்டன் கை பட்டால்தான் ஓடும்.

"அத எப்படிப் போடுறதுன்னு எனக்குக் காட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

"அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு நெல்டா. இப்ப ஒரே குளிரு. வந்து காட்டுறேன். அதான் மழைக்கு முன்னாடி வந்துடுவேன்ல."

வந்து காட்டுகிறாராம்!

அவர் திரும்ப வேண்டிய நாளில் காலையிலேயே வானம் ஈயம் மாதிரி கனத்துக் கிடந்தது. காற்றே இல்லை. சாயங்காலம் உறைமழை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் இருப்பது லிங்கனில், ஒரு மணி நேரப் பயணம். அக்காளைப் போனில் கூப்பிட்டேன்.

"எல்டன் இப்பதான் பேசினான். சிகாகோவுல பனி கொட்டப் போவுதாம். ஃபீனிக்ஸ் கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு போல. காசே வேணாம், நேரா ஒமாஹா போற விமானத்துல ஏத்தி விடுறேன், ரெண்டு மணிக்கெல்லாம் எறங்கிடலாம்னு சொல்லியிருக்கா" என்றாள்.

"அப்பாடா. ஏறிட்டாரா?"

இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

"வேணாம்னுட்டான். ரெண்டு பயணம் கொறஞ்சு போகுமாம். வருசம் பூரா பாடுபட்டுட்டு இப்ப விட்டுடவான்னு என்கிட்ட கேட்டான். கொரலே பாவமா இருந்துச்சு. சரி, சுத்தியே வான்னுட்டேன்."

"ஒனக்குப் புத்தி இருக்கா ஆர்லீன்? அந்தாளுக்குத்தான் இல்ல!"

"கத்தாதடி. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவான்."

டல்லஸ் விமானம் போய்ச் சேர்ந்தது. சிகாகோ விமானமும் எப்படியோ இறங்கியது. அதற்குப் பின் சிகாகோவிலிருந்து எதுவுமே கிளம்பவில்லை. எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் மழை தொடங்கியது. சத்தமில்லாத மழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளைகள் முறியும் சத்தம் துப்பாக்கி வெடிப்பது போலக் கேட்டது.

இருட்டும் நேரத்தில் அக்காள் போன் செய்தாள். பின்னால் அந்த உறுமல் இல்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

"கரண்டு போயிடுச்சு. சிலிண்டர மாட்டிக்கிட்டேன். ஒன்னுதான் இருக்கு" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "அவசர வண்டிக்குச் சொல்லிட்டேன். ரோடு பூரா விபத்தாம். வர்றோம்னாங்க."

"பக்கத்துப் பண்ணைக்காரங்க?"

"மக வீட்டுக்குப் போயிருக்காங்க."

"அசையாம உக்காரு. நான் வரேன்."

ஒரு மணி நேர வழியை நத்தை மாதிரி ஊர்ந்தேன். இரண்டு தடவை வண்டி தன்பாட்டில் திரும்பி நின்றது. ஓரமெல்லாம் லாரிகள் கவிழ்ந்து கிடந்தன. கடவுளையும் எல்டனையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே போனேன். அவர்கள் வீட்டு வழியில் திரும்பியபோது எனக்கு முன்னே அவசர வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

வீட்டில் அவள் இல்லை. கொட்டகையில் இருந்தாள். எல்டனின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, சிலிண்டரைப் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஜெனரேட்டர் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதை இழுத்துக் கிளப்பும் கயிற்றின் கைப்பிடி அவள் கையில் இருந்தது. எத்தனை தடவை இழுத்தாளோ தெரியாது. சிலிண்டர் காலி.

வந்தவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். உயிர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் வெளிச்சத்துக்காக ஜெனரேட்டரிடம் குனிந்து ஒரு குமிழை வெளியே இழுத்தார். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். உடனே ஓடியது. வீடு முழுக்க விளக்கு எரிந்தது. கிறிஸ்மஸ் மரம் மினுமினுத்தது. உள்ளே படுக்கையறையில் அந்த இயந்திரம் யாருக்கோ உறுமத் தொடங்கியது.

சிகாகோவுக்கு நான்தான் போன் செய்தேன். கொட்டகையில் அவளைப் பார்த்ததை எல்டனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "குமிழ மொதல்ல வெளிய இழுக்கணும். நான் அவகிட்ட சொல்லவே இல்ல" என்றார். மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். வருடத்தின் கடைசி நாள். அந்தப் பயணமும் கணக்கில் ஏறியது. ஜனவரியில் பிளாட்டினம் அட்டை தபாலில் வந்தது, வாழ்த்தோடு.

ஏப்ரலில் அவளை சான் டியகோவுக்குக் கொண்டுபோனோம். சாம்பல் ஒரு சின்ன மரப்பெட்டியில் இருந்தது. உடன் வருகிறவருக்கான முன் வரிசை இடம் எனக்கு. எனக்கு அதில் உட்கார மனமே இல்லை. அவளுக்காகச் சரி என்றேன்.

ஒமாஹா கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள் மிஸ்டர் கோவாரிக், பிளாட்டினத்துல மொத வருசமா?" என்று மலர்ந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கினாரும்மா. நேர் விமானத்துல ஏத்தி விடுறோம்னு ஒங்க ஆளுங்களே சொன்னப்பக்கூட, கணக்கு கொறஞ்சுடும்னு சுத்திக்கிட்டு வந்தாரு."

"ஐயோ, எதுக்கு? வானிலை சரியில்லன்னு நாங்க மாத்தி விட்டா, மொதல்ல போட்டிருந்த மூணு பயணத்தையும் அப்படியே கணக்குல சேத்துடுவோமே. கேட்டாப் போதும்" என்றாள் அந்தப் பெண், சூட்கேஸுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே. "எல்லாரும் கேப்பாங்க."

எல்டன் மரப்பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

இத்தனை மாதமாக அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இனித் தேவைப்படவில்லை. விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். பெட்டி அவர் மடியில். பணிப்பெண் அவர் பெயரைச் சொல்லி அழைத்துத் துணி நாப்கின் கொடுத்தாள். அவர் அதைப் பிரித்து, பெட்டியின் மேல் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். கடல் தெரியும்வரை நீவிக்கொண்டே இருந்தார்.