சேலை காட்டிய கரடிக் கை

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் சேலையை என்மேல் போட்டுக் காட்டுவதுதான் என் வேலை. கைநிறையச் சம்பளம் இல்லாவிட்டாலும் கைநிறைய முடி உண்டு. ஒரு கல்யாணப் பெண், "கரடிக்குக் கட்டின மாதிரி இருக்குதும்மா" என்று தன் அம்மாவிடம் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

"கையை ஏதாச்சும் பண்ணுபா, இல்லன்னா குடோன்ல சேலை மடிக்கப் போ" என்றார் முதலாளி.

பயந்துபோய், முடி நீக்கும் கிரீமை இரண்டு கையிலும் அப்பி, டப்பாவில் போட்டிருந்ததைவிட அதிக நேரம் ஊறவிட்டேன். முடியோடு தோலும் உரிந்தது. ஜரிகை உரசினாலே உயிர் போனது.

"பரம்பரை முடி, வியாதியில்லப்பா. முதல்ல துளி தடவிப் பார்த்திருக்கலாமே?" என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் எதையும் பொட்டளவு தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். புண் ஆறியது, முடியும் திரும்ப வந்துவிட்டது. கடையில் என் இடத்தில்தான் வழவழக் கைக்காரர் ஒருவர் நிற்கிறார்; நான் குடோனில் மடித்துக்கொண்டிருக்கிறேன்.