பறியைக் கவ்வும் வாய்

எங்களுக்கு வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிப்போம். கை இரண்டும் சேற்றில் இருக்கும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வோம். வாய்க்கால் தண்ணீர் வாய்க்குள் போகாமல் இந்தத் தொழில் இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், பிச்சாவரத்துப் பக்கம் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு எறா கம்பெனி வந்தது. இறாலை உரித்துக் கழுவிய தண்ணீரைக் குழாய் வைத்து அப்படியே வாய்க்காலில் விட்டார்கள். முதலில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கழிவைத் தின்னக் குழாயடியில் இறால் மொய்த்தது. "தீனி போட்டு வளக்குறானுங்க, வாடி" என்று அண்ணிதான் என்னை அங்கே இழுத்துப் போனாள்.

இரண்டே மாதம். தண்ணீர் கறுத்து நுரைத்தது. எனக்குக் கையெல்லாம் சிரங்கு. அண்ணிக்கு உதடு வெந்து, வாந்தியும் பேதியுமாகி, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். "தண்ணியக் காய்ச்சிக் குடிங்கம்மா" என்றார் டாக்டர். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்காலை எந்த அடுப்பில் ஏற்றுவது? தேறி வந்தாலும் அண்ணி அதே தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும். இன்னொரு தடவை அவள் உடம்பு தாங்காது.

பறியோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். குழாய்த் தண்ணீரால்தான் அண்ணி படுத்திருக்கிறாள் என்றதும் மேனேஜர் சிரித்தார்.

"வெறும் எறா கழுவின தண்ணிம்மா. உங்க ஊட்டுல கழுவி ஊத்துறதில்லையா?"

"அப்ப இதக் கவ்விக்கிட்டு எறங்குங்க சார். நான் கரையில நிக்கிறேன்" என்று பறியை நீட்டினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் பத்துப் பெண்கள் வாய்க்காலில் இறங்கினோம். உரச் சாக்கில் களிமண்ணைத் திணித்துக் குழாய் வாயை அடைத்து, அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். சேற்றிலேயே கிடப்பவர்களுக்கு அடைப்புப் போட யார் சொல்லித்தர வேண்டும்?

உச்சிவேளைக்குள் கழிவுத் தண்ணீர் வந்த வழியே எதிர்த்துப் போய்க் கம்பெனி முற்றம் முழுக்கத் தேங்கிவிட்டது. உள்ளே உரிக்கிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். மேனேஜர் கைக்குட்டையோடு கரைக்கு ஓடிவந்தார்.

"எடுங்கம்மா. நாத்தம் கொடலப் பொரட்டுது. ஆளுங்களுக்கு எதனா நோய் வந்துடப் போவுது."

நான் எழுந்திருக்கவில்லை.

"வெறும் எறா கழுவின தண்ணிதான சார்" என்றேன்.

கழிவுக்குத் தனியாகத் தொட்டி கட்டும்வரை சாக்கை எடுக்க மாட்டோம் என்றோம். எடுக்கவுமில்லை. அண்ணி தேறி வந்து மறுபடி பறியைக் கவ்விய அன்றும் அந்தச் சாக்கு குழாய் வாயிலேயேதான் இருந்தது.