முகத்துவாரத்துக்கு நிலம் எடுத்தவர்

டைப்ரைட்டரில் பாதி ஏறியிருந்த தாளை அப்படியே நிறுத்திவிட்டு, கையெழுத்துப் பிரதியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வரிசையாகச் சர்வே எண்கள். நடுவில் ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றது. அது எண்ணூர் ரயில் பாதைக்கு மேற்கே இருந்த ஒரு சவுக்குத் தோப்பு. நாங்கள் எடுக்கவிருந்த நிலமெல்லாம் பாதைக்குக் கிழக்கே, முகத்துவாரத்தை ஒட்டியது. எழுதியவர் கை தவறியிருப்பார் என்று நினைத்து, ஹெட் கிளார்க் மேஜையில் இருந்த பிரதியோடு ஒத்துப் பார்க்கப் போனேன். அதில் சவுக்குத் தோப்பு இல்லை. வேறொரு எண் இருந்தது, உப்புப் பூத்துக் கிடந்த ஒரு தரிசு. அதுவும் எங்கள் எல்லைக்குள் வராத நிலம்தான். இரண்டையும் எழுதியவர் எங்கள் ஸ்பெஷல் ஆபீசர். அவர் கை தவறுகிறவர் இல்லை. எனக்கு ஒரு பட்டியல், ஹெட் கிளார்க்குக்கு ஒரு பட்டியல். எந்த எண் வெளியே போகிறது என்று பார்த்தால், யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். அது புரிந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

சுதந்திரம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆபீசை வைத்திருந்தார்கள். எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றியிருந்த மணல் மேடுகளையும் கழியோரக் கண்டல் மரக் காட்டையும் சர்க்கார் எடுத்து வன இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். மேட்டை வெட்டக் கூடாது, கண்டலை விறகுக்கு அறுக்கக் கூடாது, கடல் உள்ளே ஏறாமல் இருக்க மரம் நட வேண்டும். திட்டம் இவ்வளவுதான். ஆனால் இதை ஒருவரும் நம்பவில்லை. தெற்கே இருந்து ஒவ்வொரு மதிலாக எழும்பி, புகைபோக்கிகள் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த காலம் அது. சர்க்கார் நிலம் எடுக்கிறது என்றால் பின்னாலேயே ஒரு கம்பெனி வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். "மரம் வைக்கறதுக்கு எவனாவது நெலம் எடுப்பானா? யார்கிட்ட காது குத்துறீங்க?" என்று மனு கொடுக்க வந்த ஒருவர் படியில் நின்றே கத்திவிட்டுப் போனார்.

ஆபீசர் தெற்கத்திக்காரர். ஒல்லியான, நெற்றி ஏறிய மனிதர். காக்கி அரைக்கால் சட்டையோடு சேற்றில் இறங்கி அளவுச் சங்கிலியைத் தானே பிடிப்பார். கண்டல் வேருக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் இறால் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி எங்களுக்குக் காட்டுவார். "இது இங்கதான் வளரும். இந்த மரத்த வெட்டினா கடல்லயும் மீன் இருக்காது" என்பார். அப்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சம் ஆபீசுக்குள் நுழைந்ததும் அணைந்துவிடும். உள்ளே அவர் யாரையும் நம்பாதவர். அலமாரிச் சாவி பூணூல் மாதிரி உடம்பிலேயே கிடக்கும். தினமும் மாலை நான் உபயோகித்த கார்பன் தாள்களை எண்ணி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தானே கிழிப்பார்.

அவர் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. நாங்கள் அறிவிப்பு போடுவதற்கு முன்னாலேயே, எந்தெந்தத் துண்டு பட்டியலில் வருகிறதோ அதையெல்லாம் தண்டையார்பேட்டைத் தரகர் ஒருவர் ஏழைகளிடமிருந்து அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் சர்க்கார் கொடுக்கும் நஷ்டஈடு அவருக்குப் போகும். ஆபீசில் இருந்து யாரோ சொல்லாமல் இது நடக்காது. ஹெட் கிளார்க், சர்வேயர், எண்ணூர்க் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் டவாலிச் சேவகர், நான் என்று நாலே பேர். ராயபுரத்துப் பெண்ணான எனக்கு அதே குப்பத்தில் சித்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் ரயிலேறி அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். ஆபீசர் யாரை முதலில் நினைத்திருப்பார் என்று ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை.

தவறு செய்யாதவளைச் சோதித்துப் பார்க்கிறார் என்பது முள்ளாகக் குத்தியது. அந்தச் சவுக்குத் தோப்பின் எண்ணை ஒன்றும் தெரியாதவள் போல டைப் அடித்துக் கொடுத்தேன். அவர் ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்றிலிருந்து நான் அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போனபோது, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள். சுற்றிலும் குப்பத்துப் பெரியவர்கள். எங்கள் டவாலி ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஆபீசர் சட்டென்று எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஆபீசில் பார்த்தால் வணக்கம் சொல்கிற மனிதர், அன்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு வந்தாரு சித்தி?"

"எனக்கு இன்னாடி தெரியும்? ஆம்பளைங்க பேசிக்கினு கீறாங்க."

"எத்தனை தடவை வந்திருக்காரு?"

சித்தி மீனைக் கழுவிக்கொண்டே, "உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. வுடு" என்றாள்.

எனக்கு அது போதும். பட்டியலை வெளியே விடுகிறவர் இவரேதான். தன் மேல் பழி வராமல் இருக்கத்தான் எங்களைச் சோதிக்கிற நாடகம் என்று முடிவு கட்டிவிட்டேன். இப்போது யோசித்தால், குப்பத்து ஏழைகளிடம் பேசுகிறவருக்கும் தண்டையார்பேட்டைத் தரகருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கோபம் அந்த ஒரு நிமிடத்தைத் தரவில்லை.

இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். தரகர் நிலம் வாங்கிய சேதி அவர் வரைக்கும் போயிருந்தது. ஆபீசரை வெளியே அனுப்பிவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. "ஆபீசர் ஆபீசுக்கு வெளியே யாரையாவது பார்க்கிறாரா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. படகு, சைக்கிள், காகிதம், நின்றுபோன பேச்சு, எல்லாவற்றையும் பார்த்தபடியே சொன்னேன். கடைசியில், கேட்காமலேயே, "என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாராம்" என்றும் சேர்த்தேன். பெரிய அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்தப் பேனாவின் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பத்து நாளில் ஆபீசருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடலே இல்லாத ஏதோ ஒரு ஜில்லாவுக்கு.

உத்தரவு வந்த அதே வாரம் ஆட்சேபணை மனுக்களும் வந்து சேர்ந்தன. எண்ணூர்க் குப்பத்திலிருந்து, வீட்டுக்கு ஒரு மனு, எல்லாவற்றிலும் கைநாட்டு. பதிவேட்டில் ஏற்ற என் மேஜைக்குத்தான் வந்தன. முதல் மனுவைப் படித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "படகு ஏற்றும் இடமும், வலை உலர்த்தும் மணலும், ஆற்றுக்கு இறங்கும் வழியும் இத்திட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும்." அந்த நடை ஆபீசருடையது. ஏழு மாதமாக அவர் எழுதியதை டைப் அடித்தவளுக்கு அது தெரியாதா? பட்டா இல்லாத அந்த ஜனங்கள் கெடு முடிவதற்குள் வாயைத் திறக்காவிட்டால் கரையோடு சேர்த்து அவர்களையும் வேலி கட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் அந்த மனிதர் தன் திட்டத்துக்கு எதிராகத் தானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் டவாலி வீடு வீடாக எடுத்துப்போய்க் கைநாட்டு வாங்கியிருக்கிறார். என் வழியாக ஆபீசுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

அதே வாரக் கடைசியில் சர்வேயர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சேதி கொண்டுவந்தார். உப்புப் பூத்த அந்தத் தரிசைத் தண்டையார்பேட்டைத் தரகர் அவசர அவசரமாகப் பத்திரம் பண்ணிவிட்டாராம். ஹெட் கிளார்க்கின் பட்டியலில் மட்டும் இருந்த எண். ஹெட் கிளார்க் மறுநாளிலிருந்து லீவு போட்டார். பிறகு திரும்பி வரவேயில்லை.

ஆனாலும் மாற்றல் மாற்றல்தான். குப்பத்துக்குப் போனது உண்மை, மனு எழுதியதும் உண்மை. சர்க்கார் கணக்கில் அதுவும் குற்றம்தான். கிளம்புகிற நாள் ஆபீசர் சாவியை ஒப்படைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. நடுவுல ஒன்னயத்தான் சந்தேகப்பட்டேன். உன் பட்டியல்ல ஒரு நம்பர வேணும்னே மாத்தி வச்சேன். பெரிய தப்பு. மனசுல வச்சுக்காத."

பெரிய அதிகாரியிடம் யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்ட நாளில் நான் நிரபராதி. மன்னிப்புக் கேட்ட நாளில் அல்ல. "பரவாயில்லை சார்" என்று சொன்னேன்.  அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஹைரோட்டில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. காலமாகிவிட்டார் என்று பல வருடங்கள் கழித்து யாரோ சொன்னார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர் கோப்பில் இருந்த மனுக்களைத் தள்ள முடியாமல், படகு ஏற்றும் இடத்தையும் வழியையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். மரம் நட்டார்கள். பின்னால் வந்த வருடங்களில் அந்தக் காடும் துண்டு துண்டாக வேறு காரியங்களுக்குப் போனது. படியில் நின்று கத்தியவரும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. குப்பம் மட்டும் தன் வழியை வைத்துக்கொண்டது.

நான் பல ஊர்களில் வேலை பார்த்து, சூப்பிரண்டாகி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், கண் மங்கிப்போன சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ ஆபீசர் மேல் வந்தது.

"அந்த ஐயா இல்லாங்காட்டி இந்த வழியே கீதா நமக்கு? அவர போட்டுக் குடுத்துட்டான் பாவி" என்றாள் சித்தி.

"யாரு?"

"வேற யாரு, ஒங்க டவாலிதான். கூடவே சுத்திக்கினு இருந்தவன் அவன்தான? அன்னிலருந்து அவன் வூட்ல இந்தக் குப்பத்துல ஒர்த்தரும் கை நனைக்கல. அவன் பொண்ணு கண்ணாலத்துக்குக்கூட யாரும் போவல."

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "சித்தி, அவர் இல்ல. நான்தான்" என்றேன்.

 சித்தி என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். பிறகு, "என்னாண்ட எதுக்கு சொல்ற? அவன்கிட்ட போய் சொல்லு. அதே வூட்லதான் கீறான்" என்றாள்.

டவாலி வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாம்மா, டைப்பம்மாதான?" என்று எழுந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். 

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கு கதவுக்கு வெளிய காவலுக்கு நின்னதே நான்தான். நீ சொன்னது பூரா காதுல வுழுந்துச்சு."

"அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும்..."

"சொல்லியிருந்தா ஒங்க சித்தி இந்தக் குப்பத்துல குடித்தனம் பண்ணியிருக்குமா? நமக்கு ஆபீஸ் வேலை, மாசாமாசம் சம்பளம். தாங்கிக்கலாம்னு இருந்துட்டேன்." வலையைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு கண்ணாலத்தன்னிக்குதாம்மா கஷ்டமா பூட்ச்சு. பந்தல்ல ஒர்த்தரும் இல்ல" என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் குனிந்து வலையின் அடுத்த சிக்கலைப் பிரிக்கத் தொடங்கினார். நான் திரும்பி நடந்து சித்தி வீட்டுக்கு வந்தேன்.  அவள் கையைப் பிடித்து எழுப்பி, தெருவழியாக, வாசலில் நின்றவர்களெல்லாம் பார்க்கும்படி மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், அந்த வீட்டுக்குள் உட்கார வைத்தேன். டவாலியின் மனைவி இரண்டு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். சித்தி தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.