காசில் இருந்தவளுக்கு இட்ட குங்குமம்

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். பேய், குறி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். இதை நீங்கள் நம்பவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டால் போதும்.

குடவாசல் பக்கம் எங்கள் வயலில் வாய்க்கால் வெட்டும்போது என் கணவருக்கு ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் கொண்டை போட்ட பெண்முகம், மறுபக்கம் கோல் பிடித்து நிற்கும் ஒரு தேவதை, சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்து. தாலுகா ஆபீசில் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எங்கே கேட்டார், மகாலட்சுமியேதான் என்று பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமமும் இட்டார். மறுநாள் காலையில் அந்த நெற்றி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் இதே கதை. எலி, எறும்பு என்று நானும் காரணம் சொல்லிப் பார்த்தேன், அலமாரியைப் பூட்டியும் பார்த்தாயிற்று.

அப்புறம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பிடிகொடுத்தே பேசவில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் விளக்கேற்றினேன். பொட்டில்லாத அந்த முகம்தான் முதலில் கண்ணில் பட்டது. அறிவியலாவது ஒன்றாவது. வியர்வையில் ஊறியிருந்த என் நெற்றிக் குங்குமத்தையே தொட்டு அவளுக்கு வைத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வேண்டிக்கொள்வதுதான், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தாயே, அவருக்கு முன்னாடி என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடு."

மறுநாள் அவர் கண் விழித்தார். வீட்டில், காசின் குங்குமம் கலையாமல் இருந்தது.

அவர் வீடு திரும்பிய பிறகு, காசைப் போட்டோ எடுத்து எங்கள் வரலாறு டீச்சரிடம் காட்டினேன். அவர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

"ரோமாபுரி ராணியாம் டீச்சர். புருஷன் இருக்கும்போதே செத்துட்டாங்களாம். அந்த ராஜாதான் அவங்களைச் சாமியாக்கிக் காசு அடிச்சிருக்காரு. சுமங்கலியாப் போன மகராசி."

அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்கு அன்று நான் வேண்டிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது.

என் கணவர் இப்போது நன்றாக இருக்கிறார், வயலுக்குப் போய்வருகிறார். எனக்கு நாற்பத்திரண்டு வயது, மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, அந்தக் காசை அதற்குப் பிறகு நான் தொடவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் நெற்றியில் குங்குமம் ஈரம் காயாமல் இருக்கிறது.

"தினமும் மறக்காம வச்சிடுறியே" என்று அவர் சந்தோஷப்படுகிறார். நானும் தலையை ஆட்டிவைக்கிறேன்.