தலைப்பிரசவமும் ஜில்லா டீமும்

இன்று மாலை கேரளத்துச் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள வடகரப்பதி வரும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் எங்கள் ஊர் ஃபுட்பால் ரசிகர்கள் நால்வர் ஒரே கூச்சல். நடுவில் கோல்கீப்பர் ஆறுமுகம், என் பழைய மாணவன்.

"வெளிநாட்டுக்காரனுக்கு ஜன்னலோரம் எடம் குடுங்கடா."

"பாஸ்போர்ட் இருக்குதான்னு கேட்டுட்டுக் குடு மாப்ள. இல்லாட்டி நாமளும் ஜெயிலுக்குப் போகோணும்."

ஆறுமுகமும் சிரித்தான். வழக்கமான கேலி என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கிய பிறகு அவனிடமே கேட்டேன். "எதுக்கப்பா இந்தக் கேலி?"

"ஜில்லா டீம்ல எம் பேரைக் கமிட்டிக்காரங்க அடிச்சுட்டாங்க, டீச்சர். பர்த் சர்டிபிகேட்ல பொள்ளாச்சின்னு இருக்குதுங்களாமா. தமிழ்நாட்டுக்காரன் ஆடக் கூடாதுங்கறாங்க. தம்பி பேரு மட்டும் இருக்குதுங்க."

"தம்பிக்கு மட்டும் எப்படி?"

"அவன் இங்கதானுங்களே பொறந்தான்."

ஒரே தாய், ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போனாள், அது பொள்ளாச்சியில் இருந்தது. அவ்வளவுதான் அண்ணன் செய்த குற்றம்.

"எழுதிக் கேட்டாயா?"

"கேட்டனுங்க. அடுத்த வருசம் பாக்கலாங்கறாங்க. நாளைக்கு டீம் கெளம்பிருமுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கமிட்டிக்காரர்களின் சட்டப்படி, இந்தப் பக்கத்துத் தலைச்சன் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்நியர்கள். கோயம்புத்தூரில் பிறந்த என் மூத்த மகளும் அதில் சேர்த்தி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை வெளிநாட்டவர்?