சூசையப்பருக்கு ஒரு ஹீட்டர்

பூசை முடிந்து வெளியே வந்தால் என் செருப்பின் வார் அறுந்து கிடந்தது. பக்கத்தில் மதலேனாவின் செருப்பு, எனக்குக் காலை நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்திருந்தது. அவள் அதற்குள் தார் ரோட்டில் வெறுங்காலோடு பாதி தூரம் போய்விட்டாள். மறுநாள் கேட்டதற்கு, "மாதா பாம்பு மேலயே வெறுங்காலோட நிக்கிறாங்க, தார் ரோடு என்னா பண்ணிடும்?" என்றாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவளோடு பழகுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும்.

மதலேனா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தேய்க்கிறாள். வீட்டில், கட்டில் போட்டால் கதவு மூடாத ஓர் அறையில், எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் களிமண் சுரூபங்கள் செய்கிறாள். மாதாவின் கணவர் சூசையப்பரை மட்டும் தன் வீட்டுக்காரர் அடைக்கலத்தைப் பார்த்துச் செய்வாள். அடைக்கலம் லாரி ஓட்டுகிறவர், தொப்பை உண்டு. அதனால் புனிதருக்கும் உண்டு.

போன வருஷம் அந்தத் தொப்பைக்குள் ஈரம் நின்று, சூளையில் வெடித்து, பக்கத்தில் இருந்த குழந்தை இயேசுவையும் நொறுக்கிவிட்டது. கோயிலில் பிளாஸ்டிக் குடில் வைத்தார்கள். இந்த வருஷமும் குழந்தை உடைந்தால் இனி என்றைக்கும் பிளாஸ்டிக்தான் என்று பங்குச்சாமியார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"தொப்பய கொறச்சாதான் என்னாடி?" என்றேன்.

"அவருக்கே கொறயல, சுரூபத்துக்கா கொறயப் போவுது?"

இந்த வருஷம் மழை விடவே இல்லை. எதுவும் காயவில்லை. அதனால்தான் ஹீட்டர் வாங்கப் போனோம். வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் ஹீட்டர் கேட்டு வந்தவர்களைக் கடைக்காரர் பாரி ஏற இறங்கப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினார்.

களிமண் காய்ந்ததா என்று மதலேனா கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். ஹீட்டரையும் அப்படியே பார்த்தாள். கம்பி சிவக்கிற ஹீட்டர் முன்னால் கன்னத்தைக் காட்டி, "இது நரகம்" என்று தள்ளிவிட்டாள். காற்று அடிக்கிற ஹீட்டருக்கு, "மாதா முக்காடு பறந்துடும்" என்றாள்.

"அக்கா, மூஞ்சி பொசுங்கிடும்" என்றார் பாரி. "இந்தாங்க, செராமிக் ஹீட்டரு. சின்ன ரூமு ரெண்டே நிமிஷத்துல சூடாயிடும்."

"சீக்கிரம் வேணாம். மெதுவா சூடாவுறதா குடுங்க. மேல மட்டும் காஞ்சா வெடிச்சிடும்."

இப்படிக் கேட்டு யாரும் அவரிடம் வந்ததில்லை. குறைந்த சூட்டில் வைக்கும் குமிழையும், சாய்ந்தால் தானாக அணைந்துவிடுவதையும் காட்டினார். மதலேனாவுக்கோ வேறு சந்தேகம். "உள்ள பீங்கான்தானா? தொறந்து காட்டுங்க."

"தொறந்தா வாரண்டி போயிடும்க்கா."

"பாக்காமயே கட்டிக்கிட்டுப் போறதுக்கு இது என்னா கல்யாணமா?"

திறக்கவில்லை. இருந்தாலும் அதையே வாங்கினாள்.

கம்பெனிச் சூளையில் ஓரமாக இடம் தருகிறவர் கொளஞ்சிநாதன். அவர் சொன்ன நாள் வந்தது. அடுத்த சூளை கிறிஸ்துமஸ் கழிந்துதான். மதலேனா ஒவ்வொரு சுரூபமாகக் கன்னத்தில் வைத்தாள். மாதா, இடையர்கள், கழுதை, குழந்தை எல்லாம் காய்ந்திருந்தன. சூசையப்பரை வைத்துப் பார்த்தாள். மறு கன்னத்துக்கு மாற்றினாள். என் கன்னத்திலும் வைத்தாள். சில்லென்று இருந்தது.

"ஜெபம் சொல்லி வெச்சிடு. ஆண்டவரு பாத்துப்பாரு" என்றேன்.

"போன வருசமும் நீங்கதான் ஜெபம் சொன்னீங்க."

வெளியே ஆட்டோ காத்திருந்தது. சூசையப்பரின் தொப்பையை ஹீட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மற்றவர்களை வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கினாள். குழந்தையை மட்டும் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"சூசையப்பர் இல்லாத குடிலாடி? சாமியார் கேட்டா நான் என்னா சொல்றது?"

ஆட்டோ நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"சத்திரத்துல எடம் பாக்கப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு சொல்லுங்க."